கடலில் இருப்பவரை எப்போது அளப்பது? விசைப்படகுத் தொழிலாளி ஒருவரின் மாரடைப்பு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் அருகே உள்ள ஒரு மீனவ ஊரில் நடந்தது. அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

கணவருக்கு 49 வயது. பதினேழு வயதிலிருந்து விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மனைவிக்கு 45 வயது. கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். கணவரின் தம்பியும் அதே படகில்தான் வேலை செய்கிறார். கணவர் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பார். அவருடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில் "தூக்கத்திலேயே போயிட்டார்" என்று வீட்டில் சொன்னார்கள். என்ன காரணம் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. கரைக்கு வந்தபிறகு மீனைப் பிரித்து, பெட்டியில் ஐஸ் போட்டு, கணக்குப் பார்த்து வீட்டுக்கு வர எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். எங்கள் ஊரில் நடக்க முடியாத பல பெரியவர்களுக்கு அதனால்தான் மாதாமாதம் மருந்து கிடைக்கிறது. ஆனால் தன்னார்வலர் தெருவுக்கு வருவது முற்பகல் பதினொரு மணிவாக்கில். அந்த நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள். இல்லாவிட்டால் தூக்கத்தில் இருப்பார்கள். இந்த நிகழ்வு முழுக்க அந்த நேரக் கணக்கைச் சுற்றியே நடந்தது.

மாரடைப்புக்கு முந்தைய நாட்கள்

பிப்ரவரி மாதம். அதற்கு முந்தைய வாரத்திலேயே அவருக்கு மடியை (வலையில் மீன் சேரும் பையை) படகுக்குள் ஏற்றும்போது நெஞ்சு இறுக்கியிருக்கிறது. சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும். இரண்டு தடவை வந்திருக்கிறது. தம்பியிடம் மட்டும் சொன்னார்; தம்பி "நேரத்துக்குச் சாப்பிடாம இருந்தா வாயு பிடிக்கத்தான் செய்யும்ணே" என்று சொல்லியிருக்கிறார். மனைவிக்குத் தெரியவந்ததும் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

உடலை வருத்தும்போது வந்து, ஓய்வெடுத்தால் போகிற நெஞ்சு இறுக்கம், அதுவும் புதிதாக வந்தது என்றால், அது இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதற்கான எச்சரிக்கை. எங்கள் ஊரில் அதை யாரும் நெஞ்சுவலி என்று சொல்வதில்லை. "நெஞ்சு கரிக்குது", "அடைக்குது", "வாயு" என்றுதான் சொல்வார்கள். வலி என்றால் குத்த வேண்டும், வெட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். புறநோயாளிப் பிரிவில் "நெஞ்சுவலி இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று பதில் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சனிக்கிழமை காலை கடலுக்குப் போனார். அன்று இரவு இரண்டு மணி சுமாருக்கு அதே இறுக்கம் வந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தும் போகவில்லை. வியர்த்துக் கொட்டியது, ஒரு தடவை வாந்தி எடுத்தார். படகு டிரைவர் கவனித்து, படுக்கச் சொன்னார். அப்படியே திரும்பிவிடலாமா என்று பேச்சு வந்தபோது இவரே வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். பாதியில் திரும்பினால் டீசல் செலவு எல்லார் பங்கிலும் கழியும். காலை ஐந்தரைக்குப் படகு கரை வந்தது. நான்கு பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார்.

வீட்டில் சோடா குடித்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏற்கெனவே இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாயில் போடாமல் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டு, ஆட்டோவில் அவரை எங்களிடம் அழைத்து வந்தார். மணி ஏழரை. வலி தொடங்கி ஐந்தரை மணி நேரம் கடந்திருந்தது.

சுகாதார நிலையத்தில் எடுத்த முடிவுகள்

பணியில் இருந்த செவிலியர் பெயர்கூடப் பதியாமல் முதலில் இசிஜி எடுத்தார். நெஞ்சு இறுக்கத்தோடு வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது நெறி, அது நடந்தது. இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் இசிஜி கோட்டின் எஸ்.டி. என்ற பகுதி உயர்ந்திருந்தது: இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. நாடித் துடிப்பு 52, ரத்த அழுத்தம் 104/70.

அப்போதுதான் மனைவி முடிச்சை அவிழ்த்து, "டாக்டரம்மா, இந்த மாத்திரையைக் குடுக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கீழ்ச்சுவர் மாரடைப்பில் பல சமயம் இதயத்தின் வலது கீழறையும் பாதிக்கப்படும். அப்போது அந்த மாத்திரை ரத்தக் குழாய்களை விரித்துவிட்டால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து, அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். நெஞ்சின் வலதுபுறம் லீடை மாற்றி வைத்து இன்னொரு இசிஜி எடுத்தோம். வலதுபுற வி4ஆர் லீடிலும் உயர்வு தெரிந்தது; அதாவது வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தது. அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த இதய மாத்திரையை அவசரத்துக்கு வாங்கிப் போடும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. அது எவ்வளவு ஆபத்தில் முடியக்கூடும் என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகள் இருப்பில் உள்ளன. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கச் சொல்லி, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் 300, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் 80 கொடுத்தோம். இசிஜியைப் படம் எடுத்து, மாவட்டத் தலைநகரில் உள்ள பெரிய மருத்துவமனையின் பொதுமருத்துவப் பிரிவுக்குச் செல்பேசியில் அனுப்பினோம். 108 வந்ததும் ஏற்றிவிட்டோம். ஆம்புலன்ஸ் போய்ச் சேருவதற்குள் அங்கே மருந்து தயாராக இருந்தது. இறங்கி இருபது நிமிடத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள்.

இப்படிச் சிறிய நிலையத்தையும் பெரிய மருத்துவமனையையும் இசிஜி, ஆம்புலன்ஸ் வழியாகப் பிணைப்பது உயிரைக் காக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளில் 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், இந்த ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம்; ஏற்பாட்டுக்குப் பின் 14.2 சதவீதம்.

ஒன்றரை மணி நேரத்தில் அவருக்கு இறுக்கம் குறைந்தது, எஸ்.டி. உயர்வும் பாதிக்குக் கீழே வந்தது. மறுநாள் காலை மதுரைக்கு அனுப்பி ஆஞ்சியோ பார்த்தார்கள். வலது ரத்தக் குழாயில் இறுக்கமான அடைப்பு. முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

பதிவேட்டில் இருந்ததும் இல்லாததும்

அவர் வீடு திரும்பிய பிறகு, மருத்துவமனைச் சீட்டுகளையும் எங்கள் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. இது ஒரு நாளில் வருவதல்ல. பல வருடம் உயர் ரத்த அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்த இதயத்தில் வருவது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.9 சதவீதம். மாரடைப்பு நேரத்துப் பதற்றத்தில் சர்க்கரை ஏறுவது உண்டு. ஆனால் இந்தப் பரிசோதனை அந்த ஒரு நாளைக் காட்டுவதில்லை. ஆக நீரிழிவும் முன்பிருந்தே இருந்திருக்கிறது.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ரத்த அழுத்தக் கட்டத்தில் எண்ணே இல்லை. ஒவ்வொரு வருகைக்கும் "கடல்" என்று எழுதியிருந்தது. ஒரு தடவை மட்டும் "தூக்கம்".

அதே பக்கத்தில் மனைவியின் பெயருக்கு நேரே ஐந்து அளவுகள் இருந்தன: 160/100, 150/90, 160/90, 150/100, 150/90. எல்லாமே பூஜ்யத்தில் முடிகின்றன. டிஜிட்டல் கருவி எண்ணை அப்படியே காட்டுகிறது. கடைசி இலக்கம் பூஜ்யமாக வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்புதான். எழுதும்போது முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். இது இங்கே மட்டும் இல்லை, உலகம் முழுக்கப் பேசப்படும் அளவீட்டுப் பிழை. சிகிச்சையின் எல்லைக்கோடு 140/90 என்று இருக்கும்போது, 138ஐ 140 என்று எழுதினால் ஒரு மனிதர் நோயாளி ஆகிவிடுவார்.

அந்த ஐந்து அளவுகளை வைத்து மனைவிக்கு அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை 5 மில்லிகிராமில் தொடங்கி 10 வரை போயிருந்தது. அவருக்குக் கால் வீங்கியிருந்தது. பாசி எடுத்துவிட்டு நீருக்கு மேலே வரும்போது கிறுகிறுப்பு வருகிறது என்றார். கணவரின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த நாட்களில், நாங்கள் அவருடைய உடம்பைப் பற்றிக் கேட்கும் வரை அவராக இதைச் சொல்லவில்லை.

தன்னார்வலரோடு உட்கார்ந்து, அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்தேன். அவர் கடமையில் குறை வைக்கிறவர் இல்லை. ஆனால் இந்த அம்மா கரையேறி, பாசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேரும் நேரமும் தன்னார்வலர் தெருவுக்கு வரும் நேரமும் ஒன்று. ஈரச் சேலையோடு, திண்ணையில் காலைத் தொங்கவிட்டு, பேசிக்கொண்டே கையை நீட்டுவார். முதுகுக்குச் சாய்மானம் இல்லை. கை தொடைமேல் இருக்கும், இதயத்துக்கு வெகுவாகக் கீழே. கருவியின் பட்டை ரவிக்கைக் கைமேல். சிறுநீர் கழிக்கக்கூட நேரம் கிடைத்திருக்காது. இவை ஒவ்வொன்றும் அளவை ஏற்றும்: பேசுவது, நிறைந்த சிறுநீர்ப்பை, தாழ்ந்த கை எல்லாம் சேர்ந்தால் இருபது புள்ளிக்கு மேல் போகலாம்.

பட்டையின் அளவும் அப்படித்தான். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டபோது மேல் அளவு சராசரியாக 19.5 கூடிக் காட்டியது; சிறிய பட்டை தேவைப்படும் ஒல்லியான கைகளுக்கு 3.6 குறைத்துக் காட்டியது. எங்கள் பையில் இருந்தது ஒரே ஒரு பட்டை.

இருதய நோய் ஆபத்தைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அட்டவணையில், ரத்தப் பரிசோதனை இல்லாமலே பார்க்கும் ஒரு வகை உண்டு. வயது, பாலினம், புகை, உயரத்துக்கேற்ற எடை, மேல் ரத்த அழுத்தம் இந்த ஐந்தும் போதும். கணவர் விஷயத்தில் நான்கு எங்களுக்குத் தெரியும். ஐந்தாவது தெரியாததால் அட்டவணையைத் திறக்கவே முடியவில்லை. கட்டாயம் அளந்திருக்க வேண்டியவரை ஒரு தடவையும் அளக்கவில்லை. அந்த நேரத்தில் அளக்கக் கூடாதவரை ஐந்து தடவை அளந்திருக்கிறோம்.

மனைவிக்கு எடுத்த முடிவு

மாத்திரையை உடனே நிறுத்தவில்லை. ஐந்து அளவுகள் சரியில்லை என்பதால் அவருக்கு உயர் ரத்த அழுத்தமே இல்லை என்று ஆகிவிடாது. மேல்கையில் கட்டும் கருவி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்து, ஏழு நாள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு இரண்டிரண்டு தடவை பார்க்கச் சொன்னோம். மகள் எழுதிவைத்தாள், ஓர் எண்ணைக்கூட மாற்றாமல். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 116/72. பத்து மில்லிகிராம் மருந்தோடு வந்த அளவு அது. கிறுகிறுப்புக்குக் காரணம் கிடைத்தது.

மருந்தை ஐந்தாகக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி வீட்டு அளவு, அப்புறம் நிறுத்தி மறுபடி வீட்டு அளவு. மருந்தே இல்லாமல் 128/80. வீட்டில் அளக்கும்போது எல்லைக்கோடு 135/85, அதற்குக் கீழேதான். கால் வீக்கமும் வடிந்தது. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டு அளவு பார்க்கிறோம். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் பின்னாளில் உண்மையாகவே உயர் ரத்த அழுத்தம் வருவதுண்டு. இதைப் படிக்கும் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அளந்து பார்த்து, மருத்துவரோடு பேசி, படிப்படியாகச் செய்த காரியம் இது.

ஆண்களை எங்கே, எப்போது அளப்பது

தம்பியை வரவழைத்தோம். 44 வயது, அதே பீடி, அதே படகு. இரண்டு தனித்தனி மாலைகளில் அளந்தபோதும் மேல் அளவு 170க்கு மேல். அவர் கேட்ட கேள்வி இங்கே எல்லாரும் கேட்பது: "இவ்வளவு உழைக்கிற உடம்புக்கு மாரடைப்பு வருமாம்மா?"

வரும். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் பெரும்பகுதியை ஒன்பது காரணிகளில் அடக்கிக் காட்டியது. உடலுழைப்பு அவற்றில் ஒன்றுதான். புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைவு, மது எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 58.8. இந்தக் கரையில் நாற்பதைத் தாண்டிய, பீடி பிடிக்கிற ஒரு மனிதரை அளக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சரி, எங்கே அளப்பது? முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம் என்று முதலில் பேச்சு வந்தது. ஞாயிறு காலை அவர்கள் இரவெல்லாம் விழித்துவிட்டு இறங்கும் நேரம். அப்போது எடுக்கும் அளவும் மனைவியின் அளவு மாதிரியே பிசகும். கடலுக்குப் போகாத நாளின் மாலை ஐந்து மணிக்கு, வலை பின்னும் கொட்டகையில் என்று முடிவு செய்தோம். சாய்வு நாற்காலி நான்கு, கை வைக்க மேசை, மூன்று அளவில் பட்டை.

அளப்பதற்கு அரை மணி முன் புகை கூடாது. கொட்டகையில் எல்லார் கையிலும் பீடி. அதனால் வந்தவுடன் அளக்காமல், பெயர், குடும்ப வரலாறு, எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் முதலில் எடுக்க வைத்தோம். அதற்குள் அரை மணி ஓடிவிடும். எண்ணைக் கருவியில் இருக்கிறபடியே எழுத வேண்டும் என்று தன்னார்வலரிடம் சொல்லியிருந்தோம்.

ஒரு சிக்கல் நாங்கள் நினைக்காத இடத்திலிருந்து வந்தது. முதல் மாலை வந்தவர்கள் குறைவு. காரணம் கேட்டால், நோய் என்று தெரிந்தால் படகில் ஏற்ற மாட்டார்கள் என்ற பயம். வருமானமே அந்தப் பங்குதான் என்னும்போது அது நியாயமான பயம். அளவுச் சீட்டு சம்பந்தப்பட்டவர் கையில் மட்டும், படகு உரிமையாளருக்கோ சங்கத்துக்கோ எதுவும் போகாது என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சொன்னோம். அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலை சரிபார்ப்பார்கள். மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளந்து அளவைச் சீராக்க வருடத்திலேயே தோதான காலம் அது. தம்பிக்கும் இன்னும் சிலருக்கும் அந்த இரண்டு மாதத்துக்குள் அழுத்தம் கட்டுக்குள் வந்தது.

பின்விளைவு

கணவருக்கு இதயத்தின் இயங்குதிறன் (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம்) 48 சதவீதம். இருந்த தாமதத்துக்கு நல்ல எண். மூன்று மாதம் கடல் வேண்டாம் என்றோம். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளைச் சாப்பிடுகிறவருக்கு மீன் முள் குத்தினாலும் ரத்தம் நிற்க நேரமாகும் என்பதும் ஒரு காரணம். கரையில் வலை பின்னுகிறார். வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. வீடு மனைவியின் பாசி வருமானத்தில்தான் ஓடுகிறது. தடைக்கால நிவாரணம் சற்றுத் தாங்கியது.

பீடியை மருத்துவமனையில் விட்டவர், வலைக் கொட்டகையில் உட்காரத் தொடங்கியதும் மறுபடி எடுத்தார். தம்பியும் அவரும் சேர்ந்து நிறுத்துவதாக ஒப்புக்கொண்ட பிறகு நின்றிருக்கிறது. இடையில் ஒரு மாதம் கொழுப்பு மாத்திரையை விட்டுவிட்டார், "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று. ஸ்டென்ட் வைத்தது ஒரே ஓர் இடத்தில், மற்றக் குழாய்களைக் காப்பது அந்த மாத்திரை என்று விளக்கிய பிறகு தொடர்கிறார். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் சமைக்கிறார்கள். அதை அடியோடு விடச் சொல்லவில்லை. சொன்னாலும் இந்தக் கரையில் நடக்காது. ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராமுக்குக் கீழே என்ற இலக்கை நோக்கி எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு.

இனி மாற வேண்டியவை

பதிவேட்டில் "கடல்" என்று எழுதும் இடத்தில் அவர் கரையில் இருக்கும் அடுத்த நாளையும் எழுத வேண்டும். இது எங்கள் நிலையத்தில் தொடங்கிவிட்டது. பாசி எடுக்கும் பெண்களை அவர்கள் கடலுக்குப் போகாத நாளில், அல்லது கரையேறிக் குளித்துச் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு மட்டும் அளக்கிறோம். பழைய அளவுகளை வைத்து மருந்து சாப்பிடுகிற மற்றப் பெண்களுக்கும் வீட்டு அளவு பார்க்க வேண்டும். கருவிகள் போதாததால் அது மெதுவாகத்தான் நடக்கிறது.

இதைவிடக் கடினமானது அந்த இரவு இரண்டு மணி. கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் மிக அதிகம். அவருக்கு அந்த மூன்று மணி நேரமும் கடலிலேயே போனது. படகு டிரைவர்களுக்கு அறிகுறிகளைச் சொல்லிக் கொடுக்கிறோம்: நெஞ்சு இறுக்கம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றால், வியர்த்தால், வாயு என்று விடாமல் படகைத் திருப்ப வேண்டும், வயர்லெஸ்ஸில் கரைக்குச் சொல்லிவிட வேண்டும், இறங்கியதும் பெட்டி தூக்க விடக் கூடாது. முதலுதவிப் பெட்டியில் ஆஸ்பிரின் வைப்பது என் பரிந்துரை. ஒவ்வாமையும் வயிற்றுப் புண்ணும் யாருக்கு இருக்கிறது என்பதைக் கரையிலேயே கேட்டு எழுதிவைத்துவிட்டு. பாதியில் திரும்பும் படகின் டீசல் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு சங்கத்தில் தொடங்கியிருக்கிறது. அது எல்லார் பங்கிலும் கழியும் வரை, படகைத் திருப்ப வேண்டாம் என்று நோயாளியே சொல்லிக்கொண்டுதான் இருப்பார்.